டெலிகேட் என்றால் என்ன என்று பார்த்தேன்

என் கண்ணம்மாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் சுகம், அப்பாவுக்குத்தான் இருமல் விட்டபாடில்லை, மருந்தைக் குடியுங்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். போன மாதம், பிரசவத்துக்கு வர முடியாது, என் இடத்தில் நிற்க ஆள் இல்லை என்று நான் சொன்னதும், அம்மா உனக்கு டெலிகேட் பண்ணவே தெரியாது, நீ வராட்டி பரவாயில்ல, எனக்குப் பழகிடுச்சு என்று போனை வைத்துவிட்டாயே, அது சுருக்கென்று தைத்துவிட்டது. கோபமும் வந்தது. உன்மேல் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், உன்மேல்தான்.

மறுநாள் அப்பாவிடம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்திய மனுஷனிடம் நான் அர்த்தம் கேட்டது இதுதான் முதல் தடவை, அவருக்குத் தலைகால் புரியவில்லை. தலையணை கனத்துக்கு இருக்கிற அகராதியை மடியில் போட்டுக்கொண்டு, இது லத்தீன்ல இருந்து வந்தது, லேகாரேன்னா நம்ம சார்பா முடிவு பண்ற அதிகாரத்தைக் கொடுத்து ஒருத்தரைத் தூது அனுப்புறது, முன்னாடி இருக்கிற டேன்னா நம்மகிட்டேருந்து அப்பால் என்றார். நாம் பொறுப்பை ஒப்படைக்கிறோம் என்கிறோம், அவர்கள் ஆளையே அனுப்பிவிடுகிறார்கள் பார் என்று எனக்கு ஆச்சரியம். அதோடு விட்டாரா உன் அப்பா, நீ ஆளை அனுப்பிட்டு அவ புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டே பின்னால போற ரகம் என்று ஒரு குத்தலும் சேர்த்துக்கொண்டார்.

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. நேரே எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரம்மாவிடம் போய், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, கட்டி, நீராவியில் வைத்து எடுக்கிற எங்கள் அறைக்கு நான் இல்லாத நாளில் நிதானம்தான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். நிதானம் யார் என்று உனக்குத் தெரியுமே, ஒரு கத்திரிக்கோலைத் துடைக்க அரை நாள் எடுப்பாள் என்று எல்லோரும் வைத்த பெயர், பதினோரு வருஷமாக என் பக்கத்து மேஜை. எழுதின தாளின் அடியில், சந்தேகம் வந்தால் என்னைக் கேட்டே செய்ய வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன். ஒரு வாரம் லீவு போட்டு ஒத்திகை பார்த்தேன். முதல் நாளே ஐந்து தடவை போன் செய்தேன், ஆறாவது தடவை அவள் எடுக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலையில் அறுவை டாக்டரே என்னைக் கூப்பிட்டார். கருவிப் பெட்டியின் ஒட்டுநாடா கறுத்திருக்கிறது, அப்படியென்றால் சூடு சரியாக ஏறியிருக்கிறது, ஆனால் உள்ளே சுற்றின துணியில் ஈரம் இருக்கிறது என்று நிதானம் பெட்டியைத் தர மாட்டேன் என்கிறாளாம். மேஜைமேல நோயாளி காத்திருக்காரு, இன்னொரு தடவை போட்டு எடுக்க ஒரு மணி நேரம் ஆகுங்கிறா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவா என்று கத்தினார். இதோ வருகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, செருப்பைக்கூட மாட்டிவிட்டேன் தெரியுமா. அப்புறம் என்ன தோன்றியதோ, டாக்டர், இன்னைக்கு அங்க அவ சொல்றதுதான் நான் சொல்றது என்று சொல்லி நானே போனை வைத்துவிட்டேன். உன்னிடம் சொன்னால் என்ன, ஈரம் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும், விடக் கூடாது என்று எல்லோருக்கும் பாடம் எடுப்பவள் நான், ஆனால் அந்தச் சத்தத்துக்கு முன்னால் நானாக இருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ. அவள் அசையவில்லை. ஆபரேஷன் தாமதமாக நடந்தது, நோயாளி நன்றாக இருக்கிறார். திங்கட்கிழமை போனதும் அந்தக் கடைசி வரியை அவள் எதிரிலேயே அடித்துக் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே என்றாள், கழுதை.

ஆகையால் வருகிறேன் அம்மா. குட்டி பிறக்கிறதுக்கு மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிடுவேன், இரண்டு மாதம் இருப்பேன், அப்பாவும்தான். அதுவரை கால் வீக்கத்தை அலட்சியம் பண்ணாதே, உப்பைக் குறை, மாடிப்படியில் கைப்பிடியை விடாதே. வேலைக்குக் கடைசி நாள் வரை போவேன் என்று அடம்பிடிக்காதே, அது என் புத்தி, அது மட்டும் உனக்கு வேண்டாம். நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இன்று லீவுத் தாளை நிரப்பினேன். வெளியூரில் தொடர்புகொள்ள வேண்டிய எண் என்று ஒரு கட்டம் இருந்தது. உன் வீட்டு எண் எனக்கு மனப்பாடம். அதை எழுதாமல் கட்டத்தில் ஒரு கோடு போட்டு நிதானத்தின் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா