நீ அனுப்பிய சிவப்புக் குளிசை

தலைமன்னார்

அன்பு மகன் இன்பாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்ற துஆவோடு உம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் வாப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் கை போகமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம்தானே என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் வாப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்துவிடுகிறார், பிறகு நான் என்னத்தைச் சொல்ல? அதுதான் லீவு முடிந்து நீ இருக்கிற கத்தாருக்குத் திரும்புகிற நுஃமானிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், தனியாக இருந்து வாசி.

நோன்பு தொடங்கியதிலிருந்து வாப்பாவுக்கு முழங்கால் வலி. தராவீஹில் கதிரை போட்டு இருந்து தொழுங்கோ என்றால் ரோஷம் வருகிறது, "நானென்ன கிழவனோ" என்கிறார். பார்சலில் நீ அனுப்பிய சிவப்பு வலிக் குளிசையை, சஹருக்குச் சோறு இறங்கவில்லை என்று ஒரு பேரீச்சம்பழத்தோடு விழுங்கிவிட்டு நோன்பு பிடித்திருக்கிறார், பகல் முழுக்க வலி தெரியாதாம். இரவுத் தொழுகைக்கு இன்னொன்று. வயிறு எரிந்தால் கிளினிக்கில் தந்த வயிற்றுக் குளிசை இருக்கிறதுதானே என்று தைரியம். அதை அவர் என்ன செய்தார் தெரியுமா? குசினிச் சன்னலில் குளிசைகள் வெறும் கூடுகளாகக் கிடக்க, எலியாக்கும் என்று நினைத்தேன். கேட்டால், "கூடு எந்த மிருகத்திட கொழுப்பில செஞ்சதெண்டு ஆருக்குத் தெரியும், நோன்பு நாளில ஹராம் வயித்துக்குள்ள போகப்படாது" என்கிறார். கூட்டை எறிந்துவிட்டு, உள்ளே இருந்த சின்ன மணிகளைக் கரண்டியால் மாவாக நசுக்கி நோன்புக் கஞ்சியில் கலந்து குடித்திருக்கிறார். பேணுதலான மனிசன்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஆரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

தொழுதுவிட்டுப் பள்ளியால் வரும்போது மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று பக்கத்து வீட்டு றிஸ்மினா வந்து சொன்னாள். முகம் வெளிறிக் கிடந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் மகன், அவருக்கு வெளிக்குப் போனது தார் மாதிரிக் கறுப்பு. குழாயில் தண்ணீர் வராத நேரம், அதனால்தான் என் கண்ணில் பட்டது. பேரீச்சம்பழம் தின்றதால் என்று மழுப்பினார். இழுத்துக்கொண்டு போகாத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உடனே வார்டில் மறித்துவிட்டார்கள், இரத்தம் ஏற்றினார்கள், வாயால் குழாய் விட்டுக் கமராவால் பார்த்தார்கள். வயிற்றில் புண், அது கசிந்திருக்கிறது.

அங்கே தர்ஷிகா என்று ஒரு தாதி மிஸ்ஸி, நறுவிலிக்குளத்துப் பிள்ளை. நான் நடந்ததைச் சொல்ல, ஏசாமல் கட்டிலடியில் நின்று விளங்கப்படுத்தினாள். "ஐயா, அந்த மணியளுக்கு மேல ஒரு பூச்சு இருக்கு, வயித்துப் புளிப்பில பழுதாகாமல் குடலுக்குப் போறதுக்கு. நசுக்கினால் மருந்து வீண். கூடுதான் யோசனையெண்டால் எங்களிட்டச் சொல்லுங்கோ, டொக்டரிட்டக் கேட்டுக் கூடில்லாததை மாத்தித் தரலாம், ஆனால் அதையும் முழுசா விழுங்கோணும், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்ன" என்றாள். நெஞ்செரிவுக்குக் குடிக்கிற வெள்ளைப் பாணியை மற்றக் குளிசைகளோடு சேர்த்துக் குடிக்கக்கூடாதாம், இடைவெளி விட வேண்டுமாம். வலிக் குளிசையை இனித் தொடவே வேண்டாமாம், வயிற்றைப் புண்ணாக்கியது அதுதானாம். மறுபடி கறுப்பாகப் போனாலோ, கோப்பித்தூள் மாதிரிச் சத்தி எடுத்தாலோ, தலை சுற்றினாலோ, நோன்பு பெருநாள் என்று பாராமல் ஓடி வரச் சொன்னாள். நோயாளிக்கு அல்லாஹ்வே விட்டுக்கொடுத்திருக்கிறான், விட்ட நோன்பைப் பிறகு பிடிக்கலாம் என்று மௌலவி வந்து சொன்ன பிறகுதான் வாப்பா பகலில் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டுக் குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார்.

இப்போது வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். "இன்பாஸுக்குச் சொல்லிப்போடாத, தான் அனுப்பினதாலதான் எண்டு பிள்ளை உடைஞ்சு போவான்" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. உன்னில் பிழை சொல்ல நான் எழுதவில்லை, நீ பாசத்தில் அனுப்பினாய். எழுதுவது வேறொன்றுக்கு. மிச்சக் குளிசைகளை எறிய எடுத்தேன். பார்சலின் அடியில் இருந்த, வாப்பா கை வைக்காத பெட்டி, நீ ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது. பிரித்தால் உள்ளே ஓர் அட்டையில் பாதிக் குளிசை இல்லை. கடையில் வாங்கி அனுப்புகிறாய் என்று நினைத்திருந்தேன். நீ தின்கிறதில்தானா எங்களுக்குப் பங்கு வைத்தாய்? வெயிலில் சீமெந்து மூட்டை தூக்கிக்கொண்டு, நோன்பும் பிடித்துக்கொண்டு, வெறும் வயிற்றில் எத்தனை நாளாகத் தின்கிறாய்? உனக்கு எங்கே வலிக்கிறது மகன்? இங்கே வாப்பாவை இழுத்துப் போக நான் இருந்தேன், அங்கே உனக்கு ஆர் இருக்கிறார்?

அல்லாஹ் உன் உடம்பையும் உயிரையும் காத்துத் தரட்டும், ஆமீன். சஹருக்கு வயிறாரச் சாப்பிடு, அந்தக் குளிசையை இன்றோடு விடு, டொக்டரிடம் போ. வாசித்தவுடன் றிஸ்மினாவின் போனுக்கு எடு, நான் அங்கே நிற்பேன். சுகம் உம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. உனக்கு என்ன நிறத்தில் போகிறது, அதைச் சொல்லு.

உன் முகம் பார்க்கத் தவிக்கும் உம்மா,
உம்மு குல்சூம்