தட்டிப்போட்டு நில்

வீட்டு முன்பகுதிக் கதவின் திறப்பு நேற்றுப் பின்னேரம் என் கைக்கு வந்துவிட்டது. அதில் இன்னும் குழந்தைப் பவுடர் மணக்கிறது. நீ இருந்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பாய் என்று தெரியும்: "கறன்ற் மீற்றரைப் பாத்தனியே?" பார்த்தேனடி. வாடகைக்கு இருந்த ரீச்சரும் நானும் சேர்ந்து நின்றுதான் பார்த்தோம்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்து கட்டிய வீடு. இவரும் போய், மகனும் கனடாவுக்குப் போனபின் முன்னறைகளில் விளக்கு வைக்க ஒருவருமில்லை. இங்கே எல்லாரையும்போல நானும் நினைத்தேன்: நல்ல சனமாகப் பார்த்து இருத்தினால் போதும், எழுத்தென்ன கிழுத்தென்ன? ஊருக்கு நீ சட்டத்தரணி. எனக்கு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். கோட்டிலிருந்து களைத்து வந்து, என் குசினியில் தேத்தண்ணீரோடு இருந்தபடியே பாய்ந்தாய்.

"விசரே உனக்கு? விளக்கு வைக்கவெண்டு எழுத்தில்லாமல் விட்ட வீடெல்லாம் இப்ப கோட்டிலை நிக்குது. எழுது. எப்ப முடியுது எண்டும் எழுது."

எழுதித் தந்ததும் நீதான். ரீச்சரிடம் திறப்பைக் கொடுத்த அன்று என்னைத் தனியே கூப்பிட்டாய். "வீடு உன்ரைதான். ஆனா அவை இருக்குமட்டும் கதவு அவையின்ரை. தட்டிப்போட்டு நில்."

என் வீட்டுக் கதவை நானே தட்டுவதா என்று எனக்குச் சினம். ஆனாலும் பழகிவிட்டேன். தட்டினால் ரீச்சரின் சின்னவள் "அம்மம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவருவாள். அதைக் கேட்பதற்காகவே உப்பில்லை, தேசிக்காய் இல்லை என்று ஏதாவது சாட்டோடு போவேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்?

நீ கண்ணை மூடினபிறகுதான் ஒப்பந்தம் முடிந்தது. முடியுமுன்பே கேட்டு வை என்று சொல்லியிருந்தாய். எனக்கு வாய் வரவில்லை. நாள் கடந்ததும் மகன் தொலைபேசியில் கத்தினான்: "கறன்றை வெட்டுங்கோ அம்மா, ஆமைப்பூட்டைப் போடுங்கோ. இல்லாட்டி வீடு போகும்."

"அது பிழையான வேலை, தம்பி. வீட்டை விட்டு எழும்பச் சொல்லுறதெண்டா எழுத்திலை சொல்லவேணும். மாட்டமெண்டாக் கோட்டுக்குப் போகவேணும். நாங்களாப் பூட்டினா பிழை எங்கடை பக்கம் வந்திடும்."

என் வாயால் அப்படியே நீ கதைத்ததுபோல இருந்தது. அவன் அடங்கிப்போனான். அவர்கள் எழும்பமாட்டார்கள் என்று அவனுக்குப் பயம். எழும்பிவிடுவார்களோ என்று எனக்கு.

கடைசியில் தட்டிக் கேட்டேன். "பிள்ளை, இருக்கிறியளோ, போறியளோ?"

ரீச்சர் தலையைக் குனிந்தார். "வேறை பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்திட்டுது அம்மா. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் நாளைக் கடத்தினனான்."

நேற்று அவர்களின் சாமான்களோடு லொறி போனது. சின்னவள் கை காட்டினாள். இரவு முழுக்க அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. தனிமை என்று சொல்லக்கூட ஆளில்லையடி எனக்கு.

இன்று காலை அறைகளைக் கூட்டலாம் என்று தும்புத்தடியோடு போனேன். திறப்பு கையில்தான் இருந்தது. தட்டிவிட்டு நின்றேன். கனநேரம் நின்றேன்.