நாற்பத்தைந்து டிகிரி

செவ்வாய், ஐப்பசி 14

புதுக்கோட்டை பிளான்ட்டுக்கு இன்று பன்னிரண்டு டிரம் திரும்பி வந்தது. போன மாதம் பெயிண்ட் கம்பெனிக்கு அனுப்பிய சிலிக்கான் பைண்டர், பெயிண்டில் கலக்கிற பசைத் திரவம். மூடியைத் திறந்தால் உள்ளே கட்டித்தயிர். குச்சியை விட்டால் அப்படியே நிற்கிறது.

சிலிக்கான் மருந்தைக் கடைசியில்தான் சேர்ப்போம்; சூட்டோடு ஊற்றினால் சரக்கு உறைந்துவிடும். காய்ச்சுகிற கெட்டில் நாற்பத்தைந்து டிகிரிக்கு ஆறியதும் கெமிஸ்டான நான் அதை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதைப் பார்த்த பிறகே ஆபரேட்டர் பிச்சையா அண்ணாச்சி மருந்தை ஊற்றுவார். மீட்டர் வேறு சொன்னாலும் அவருக்கு நான் எழுதியதுதான் கணக்கு.

மேனேஜர் சத்தம் போட்டதும் அண்ணாச்சியே முன்னால் வந்தார். "நான்தான் சார் ஊத்துனேன். கை வேகமாப் போயிருக்கும்." நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சாயங்காலம் கேட்டில் என்னைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தினார். "ஒங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேனேம்மா" என்றார்.

போன மாதம் அந்தச் சரக்கு காய்ச்சிய அன்றைக்கு எனக்கு ஐந்தரை மணி வேனைப் பிடிக்கிற அவசரம். கடைசியாகப் பார்த்தபோது மீட்டரில் அறுபத்தெட்டு. எப்படியும் ஆறிவிடும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டு ஓடினேன். அவர் அதை நம்பி உடனே ஊற்றியிருக்கிறார்.

நோட்டை யாரும் இன்னும் கேட்கவில்லை. பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். எதற்கென்று எனக்கே சொல்லிக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

திறந்து பார்த்தேன். 45. கீழே என் கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.