நடு அறைக்குப் போன காற்று

மெரிலேண்ட்ஸ்
3 நவம்பர் 2024

தர்சினியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் கதைத்தால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன். அதுதான் எதுவானாலும் எழுத்தில் வைத்துக்கொள்வோம் என்றேன்.

ஏசி விஷயம். போன கோடையில் தர்சினிக்கு மூக்கால் இரத்தம் வந்தது உங்களுக்குத் தெரியும். இந்த ஓட்டு வீடு இப்பவே கொதிக்கத் தொடங்கிவிட்டது. வேறு ஒருவரையும் பிடிக்க வேண்டாம், நானே வந்து ஏசியைப் பூட்டித் தருகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். சரி, வாருங்கள். அந்த வேலையில் உங்களை அடிக்க ஆளில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இது வீட்டுக்குத் திரும்பி வருவது அல்ல. கார் மீட்டரைப் பார்த்து, "லிட்கமுக்கு வேலைக்குப் போய்வர இவ்வளவு ஓடாதே, மிச்சம் எங்க போனனீர்?" என்று கேட்கிற மனுசனோடு ஒன்பது வருடம் இருந்தேன். பதில் சொல்லிச் சொல்லி மூச்சு முட்டித்தான் போன வருடம் உங்களைப் போகச் சொன்னேன். அந்தக் கேள்வி இனி இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. வராது என்று கண்டால் மற்றதை யோசிக்கலாம்.

இப்படிக்கு,
சிவாஜினி


ஸ்பிரிங்வேல், மெல்பேர்ன்
10 நவம்பர் 2024

அன்புள்ள ஜினிக்கு,

திட்டியென்றாலும் எழுதினீரே, அதுவே எனக்குப் பெரிய காரியம். அந்தக் கேள்வி இனி என் வாயிலிருந்து வராது. பிள்ளையாணை.

வேலை இப்படித்தான் இருக்கும். காற்றை உள்ளிழுத்துக் குளிராக்கித் தள்ளுகிற பெரிய பெட்டி ஒன்று கூரைக்குள் போகும். அதிலிருந்து மொத்தமான குழாய்கள் ஒவ்வொரு அறைக்கும் ஓடும். எந்த அறைக்குக் காற்று வேண்டுமோ அதை மட்டும் திறக்கலாம். வீட்டுக்குள் நடைபாதைச் சுவரில் சின்னத் திரை ஒன்று வைப்பேன், விரலால் தட்டினால் சரி. குளிர்காலத்தில் அதே பெட்டி சூடும் தரும், நீர் அந்தப் பழைய ஹீட்டரைத் தூக்கி எறியலாம்.

என்னோடு வேலை செய்கிற தனோஜனையும் உதவிக்குக் கூட்டிவாறன். நாங்கள் கூரைக்குள்தான் கிடப்போம், உமக்குக் கரைச்சல் இராது. சாப்பாடு ஒன்றும் வேண்டாம். குசினியிலிருந்து கணவாய்க் கறி மணம் வந்தால் மட்டும் என்னால் பொறுப்புச் சொல்ல ஏலாது.

உம்முடைய,
ஆரூரன்


மெரிலேண்ட்ஸ்
15 டிசம்பர் 2024

அன்புள்ள ஆரூரனுக்கு,

நேற்று வெளியே நெருப்புக் காற்று. உள்ளே உங்கள் மகள் போர்வையை இழுத்துக்கொண்டு, "அம்மா, இட்ஸ் ஃப்ரீஸிங்!" என்கிறாள். இந்தக் கோடையில் ஒருநாளும் மூக்கால் இரத்தம் வரவில்லை. கடவுளே என்று இருக்கிறது.

பெட்டியைக் கூரைக்குள் ஏற்றுவதற்கு முதல் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டீர்களே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தனோஜன் தம்பி மற்றப் பக்கம் திரும்பி நின்றது. ஆனால் நீங்கள் போன பிறகுதான் கவனித்தேன். எல்லா அறைக்கும் காற்று விட்டிருக்கிறீர்கள், சாமியறைக்கு மட்டும் விடவில்லை. காற்றுப் பட்டால் விளக்கு நூர்ந்துவிடும் என்று யோசித்திருக்கிறீர்கள். நான் சொல்லவே இல்லையே! அதைப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

நின்ற நாளெல்லாம் எங்கே போனாய், யாரோடு கதைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் கவனித்தேன். பொங்கலுக்கு வாருங்கள். ஓடிப்போகிற மாதிரி வராமல், லீவு போட்டு வாருங்கள். மிச்சம் நேரில் கதைப்போம்.

உங்கள்,
ஜினி


ஸ்பிரிங்வேல்
5 ஜனவரி 2025

என் அன்பு ஜினிக்கு,

டிக்கெட் எடுத்தாச்சு! கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதையும். தர்சினிக்குப் பட்டுப் பாவாடையும் பொங்கலுக்குப் பனங்கட்டியும் வாங்கி வைத்திருக்கிறேன். வேலையிடத்தில் எல்லோரும், "என்ன அண்ணை, முகம் மாறிப்போச்சு" என்று பகிடி பண்ணுகிறார்கள்.

ஏசியைப் பற்றி ஒன்று. நடைபாதைக் கூரையில் பெரிய வலை இருக்குதல்லோ, காற்று அதுக்குள்ளால்தான் பெட்டிக்குத் திரும்பிப் போகும். அதிலுள்ள ஃபில்டரைக் கழற்றிக் கழுவி வையும். தூசி அடைத்தால் பெட்டிக்கு மூச்சு இளைக்கும்.

பிறகு, அந்த நடு அறை. போன கிழமை ஏன் அங்கே ஏசியைப் பகல் முழுக்க ஓடவிட்டனீர்? அங்கே ஒருவரும் படுக்கிறதில்லை. நீர் வேலைக்குப் போயிருப்பீர், பிள்ளை பள்ளிக்கூட லீவுக்கு ஹொலிடே கெயரில். ஆளில்லாத வீட்டில் யாருக்குக் குளிர் வேண்டிக் கிடந்தது? ஆரும் வந்து நிண்டவையோ? சும்மாதான் கேட்கிறேன், கோபிக்காதையும். பெட்டிக்குப் பாரம் என்றுதான்.

உம்முடைய,
ஆரூரன்


மெரிலேண்ட்ஸ்
9 ஜனவரி 2025

ஆரூரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றபடியே வாசித்தேன். முதலில் விளங்கவில்லை. நடு அறையில் ஏசி போட்டதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மெல்பேர்னில் இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

சுவரில் நீங்கள் வைத்த திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். கடைசியில் கண்டேன், உங்கள் பெயரும் உங்கள் போனும் அதோடு இணைக்கப்பட்டிருந்தன. எந்த அறையில் காற்று ஓடுகிறது, எப்போது நிற்பாட்டினேன், எல்லாம் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். சீ! கார் மீட்டரை விட்டுவிட்டு இப்போது கூரைக்குள் ஏறியிருக்கிறீர்கள். பழுது வந்தால் பார்க்கத்தான் வைத்தேன் என்பீர்கள். பழுது பார்க்கிறவர் யார் வந்து நின்றது என்று கேட்பாரா?

விளக்கு நூரக்கூடாது என்று நினைத்ததும் நீங்கள்தான். இதைச் செய்ததும் நீங்கள்தான்.

இங்கே ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உங்கள் போனை அதிலிருந்து நீக்கிவிட்டேன்.

கேட்டதற்குப் பதிலும் சொல்கிறேன். நடு அறையில் நின்றது நான். வேலைக்கு லீவு போட்டு, அங்கே கிடந்த சாமான்களை எல்லாம் வெளியே இழுத்து, சுவருக்குப் பெயின்ற் அடித்தேன். ஈரம் காயட்டும் என்று ஏசியை ஓடவிட்டேன். அது உங்களுக்கான அறை. பொங்கலோடு நீங்கள் இங்கேயே நிற்கலாம் என்று நினைத்திருந்தேன்.

வர வேண்டாம். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் பிள்ளையை நானே கூட்டிவந்து காட்டுகிறேன்.

சிவாஜினி


ஸ்பிரிங்வேல்
16 பெப்ரவரி 2025

ஜினிக்கு,

நீர் பிள்ளையைக் கூட்டிவந்த அன்று காரைவிட்டு இறங்கவில்லை. பிறகு போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. அதில் நான் நியாயம் சொல்லியிருந்தேன். இதில் ஒன்றும் சொல்ல வரவில்லை.

இன்றைக்கு மெரிலேண்ட்ஸ் பக்கம் நாற்பத்திரண்டு டிகிரி என்று ரிவிச் செய்தியில் சொன்னார்கள். வீட்டு ஏசியைப் பார்க்கக் கை தன்பாட்டில் போனை எடுத்தது. அதில் நம்முடைய வீடு இல்லை.

பிள்ளைக்கு மூக்கால் இரத்தம் வரவில்லைத்தானே? வீடு குளிர்ந்து கிடக்கோ? ஒரு வரி போதும். நீர் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

ஆரூரன்