பொட்டு வைக்க இடமில்லாத படம்

என் நீலப்பச்சைக்காரி அமுதாவுக்கு,

இன்று உன் காரியம் முடிந்தது. படத்திறப்பில் நான் செய்த வேலையைக் கேட்டால் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

உன் ஆதார் அட்டைப் படத்தைக் கும்மிடிப்பூண்டி ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார் என் அண்ணன். நீ கட்டாத பட்டுப்புடவையைக் கம்ப்யூட்டரிலேயே கட்டிவிட்டு, கழுத்து நிறைய நகையும் போட்டிருந்தார்கள். முகத்தை வேறு வெளுப்பாக்கியிருந்தார்கள். யாரோ ஒரு பொம்பளை. அவளுக்கு நான் எதற்கு விளக்கேற்ற வேண்டும்?

அதை பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஹால் சுவரில் நீ வரைந்து மாட்டிய படத்தின் மேல் துணியைப் போட்டேன்.

துணியை விலக்கியதும் வந்தவர்கள் எல்லாரும் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்கள். உனக்குத் தெரியாததா? அதில் மரமும் கிடையாது, மீனும் கிடையாது. மேலே நீலம், கீழே பச்சை, இரண்டும் தண்ணீரில் கலந்து ஓடி எங்கேயோ நின்றிருக்கும்.

"இன்னாடா இது, தண்ணி ஊத்தி அழிச்ச மாரி கீது? மூஞ்சி எங்கடா?" என்றார் அண்ணன்.

அண்ணி குங்குமச் சிமிழோடு வந்து, "பொட்டு எங்கப்பா வெக்கிறது?" என்று கேட்டார். பாவம், நிஜமாகவே இடம் தேடினார்.

"எங்கயும் வெக்காதீங்க அண்ணி. அது மேல யாரும் கை வெக்கக் கூடாது." கத்தித்தான் சொன்னேன்.

இவர்களுக்கு என்ன தெரியும்? நாளெல்லாம் கம்பெனியில் இரும்பு உருக்கும் உலை முன்னால் நின்றுவிட்டு வருகிறவனுக்குக் கண்ணை மூடினாலும் சிவப்புதான். சூப்பர்வைசர் பேசியதெல்லாம் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். நீ எதுவும் கேட்காமல் ஒரு டீயைக் கொடுத்து அந்தச் சுவருக்கு எதிரே உட்கார வைப்பாய். டீ தீர்வதற்குள் கோபம் இறங்கிவிடும்.

கவரைப்பேட்டையில் வாங்குகிற கலர் டப்பாவில் நீலமும் பச்சையும் தீர்ந்துபோகும்; சிவப்பு புதுசாகவே கிடக்கும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அதத்தான் நீ நாள் முச்சூடும் பாத்துகினு வர்றியே. ஊட்லயும் எதுக்கு?" என்றாய். அந்த டப்பாக்களை இனி நான் என்ன செய்வது, அமுதா?

"வருஷ திவசத்துக்குள்ள போட்டோ மாட்டலன்னா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அண்ணன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் மாட்ட மாட்டேன்.

எல்லாரும் போன பிறகு ஒரு வெள்ளைத் தாளை விரித்து நானே பிரஷ்ஷை எடுத்தேன். கலர் ஓட ஆரம்பித்ததும் பயந்துபோய் விரலால் தடுத்தேன். ஒரே சேறாகிவிட்டது. "ஈரத்துல கை வெக்காத, அதுவே ஓடி நிக்கும்" என்று நீ அதட்டுவாயே, அது காதில் விழுந்தது. அப்போதுதான் உடைந்து அழுதேன்.

அழாதே, மறந்துவிடு, தேறிக்கொள் என்று ஆளாளுக்கு வருகிறார்கள். உனக்கு ஒன்று சொல்கிறேன், இது சத்தியம். அந்தச் சுவரில் அந்தப் படம்தான் இருக்கும். என் அழுகை காய்கிறபோது காயட்டும். அதுவரை இந்த ஈரத்தில் ஒருத்தரையும் கை வைக்க விட மாட்டேன்.

சுவருக்கு எதிரே டீயோடு உட்கார்ந்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்