பேச முடிகிற வேகம்

அன்புள்ள அக்காவுக்கு,

நெடுந்தூர ஓட்டத்துக்கு நாம் பயிற்சி எடுத்தபோது, "பேசிக்கிட்டே ஓட முடியணும்டி, அதுதான் சரியான வேகம்" என்பாய்.

நாம் சலவைக் கடை தொடங்கியதும் நான் தலைதெறிக்க ஓடினேன். விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் தவிர நமக்குள் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. நீ கடையை விட்டுப் போன அன்று, மதியம்தான் நீ இல்லை என்பதையே கவனித்தேன்.

நேற்று இன்னொரு விடுதியின் வேலை வந்தது. வேண்டாம் என்றேன்.

"வலிய வர்ற வேலையை யாராவது விடுவாங்களாம்மா?" என்றார் அந்த விடுதியின் மேலாளர்.

"மூச்சு வாங்குது சார்" என்றேன்.

இனி ஞாயிறு கடைக்கு விடுமுறை. இந்த ஞாயிறு உன் வீட்டுக்கு வருகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டாலும் படியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவசரமில்லை.

திட்டு வாங்கக் காத்திருக்கும்,
உன் தங்கை