மஞ்சள் நூலுக்கு நீங்கள் பெயர் வைக்கவில்லை

அண்ணை,

இன்று காலை பின்கொட்டிலைத் திறந்தேன். உப்பும் காய்ந்த பாசியும் கலந்த அந்த மணம் முகத்தில் அடித்தது. உங்கள் நண்டு வலை நீங்கள் தொங்கவிட்டபடியே கிடக்கிறது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஒரு கிழமையாகிறது. அம்மாவும் நானும் அதைத் தொடவில்லை. இன்று தொட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. 

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. ஏனென்று சொல்கிறேன், உடனே கத்தாதீர்கள்.

நீங்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்த கடிதம் வந்துவிட்டது. வந்தது நீங்கள் போன ஒன்பதாம் நாள். பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இடம் தருகிறார்கள். நைலோன் போன்ற பொருட்கள் எப்படி இழுபடும், எப்போது அறும் என்று பார்க்கிற பௌதிகம். நேர்முகத்தில் உங்கள் வலையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். பேராசிரியை அதைப் பிடித்துக்கொண்டார். ஆய்வுகூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் வைத்து நைலோனை முதுமையாக்குகிறார்களாம். கடலில் கிடந்து, வருடமும் தெரிந்த நைலோன் கிடைப்பதில்லையாம். துண்டுகள் கொண்டுவந்தால்தான் இந்த இடம், அதுவே என் ஆய்வு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.

முன்பும் ஒருமுறை வெட்டினேன், நினைவிருக்கிறதா? கம்பஸில் கடைசி வருடச் செயற்றிட்டத்துக்கு, உங்களைக் கேட்காமல் ஒரு மூலையை. விடிய வள்ளத்தில் ஏற்றும்போது கண்டுவிட்டீர்கள்.

"ஆரடி வலையில கத்தரிக்கோல் வைச்சது?"

"நான்தான். சின்னத் துண்டுதானே அண்ணை."

"சின்னத் துண்டோ! அதுக்குள்ளால நண்டெல்லாம் கும்பிட்டுட்டுப் போகும்."

மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் வீம்புக்குப் பேசவில்லை. நாலாம் நாள் தேத்தண்ணியை வாங்கும்போது, "கேட்டிருந்தால் நானே வெட்டித் தந்திருப்பன்தானே," என்றீர்கள். அதோடு முடிந்தது.

அந்த ஓட்டையைப் பொத்தும்போதுதான் நூல்களின் கதையைச் சொன்னீர்கள். ஒவ்வொரு வருடமும் கோயில் பெருநாள் முடிந்ததும் புது நிற நூல் வாங்கி அந்த வருடத்துக் கிழிசல்களைப் பொத்துவீர்கள். எது எத்தனை வருடம் கடலில் கிடந்தது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டுமே.

"பச்சை, நீ ஓ.எல். சோதினை எழுதின வருசம். சிவப்பு, கம்பஸுக்குப் போன வருசம். இந்த நீலம், வலையில கைவைச்ச வருசம்."

சும்மா போங்கோ என்று சிரித்தேன். நீங்கள் படித்தது எட்டாம் வகுப்பு வரை. உங்கள் வருடங்களுக்கெல்லாம் என் படிப்பையே பெயராக வைத்திருந்தீர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த வருடம் மஞ்சள். கொட்டில் வாசலில் கதிரை போட்டுப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். இது என்ன வருசம் என்று கேட்டேன்.

"பொறு, இன்னும் பெயர் வைக்கேல்லை. உன்ர கடிதம் வரட்டும்."

அதே கதிரையில்தான் அடுத்த மாதம் நெஞ்சு நோகுது என்று இருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

வெட்டினால் இந்த வலை இனி ஒருவருக்கும் உதவாது. வெட்டாவிட்டால் நான் போக ஏலாது. கடைசியில் வாய்விட்டே கேட்டேன்: "அண்ணை, வெட்டட்டோ?" குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டிருக்க வேண்டும். வந்து வலையின் மறுமுனையை இழுத்துப் பிடித்தார். 

பச்சை, சிவப்பு, நீலம். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு வருடத்தை எழுதினேன். பேராசிரியைக்கு வருட இலக்கம் போதும், நீங்கள் வைத்த பெயர் தேவையில்லை. வருகிறேன் என்று பதிலும் அனுப்பிவிட்டேன். சந்தோசப்பட வேண்டிய நேரம் என்று தெரிகிறது. சந்தோசம் வரவில்லை.

மஞ்சளிலும் ஒரு துண்டு வெட்டினேன். அதை எந்த இயந்திரத்திலும் போட்டு இழுக்கமாட்டேன். என் கைப்பையில் இருக்கிறது. அதன் உறையில் ஒன்றும் எழுதவில்லை, அண்ணை. கடிதம் வந்துவிட்டது. பெயர் வைக்க வேண்டியது நீங்கள்தான்.